இவாலுவேஷனை எடுத்துவிட்டு எக்ஸ்பிரஸ் போட்டால் பாதியில் நிற்கிறது – எஸ்கியூஎல் சர்வர் 2019

கோத்தகிரி கணக்கர் – திங்கள், இரவு 8.50

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை பேக்டரியில் கணக்குப் பார்க்கிறேன். சுமார் 600 சிறு விவசாயிகள் எங்களுக்குப் பச்சைத்தேயிலை கொடுக்கிறார்கள். தினமும் மூட்டை மூட்டையாக வரும் இலையின் எடை, ஈரத்துக்குக் கழித்த கிலோ, முன்பணம், உரக்கடன் எல்லாமே ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. அதில் ஓடுவது எஸ்கியூஎல் சர்வர் 2019, அதாவது டேட்டாவைச் சேமித்து வைக்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள். எடை மேடையில் உள்ள கம்ப்யூட்டர் நெட்வொர்க் வழியாக இதோடு இணைகிறது.

இன்று காலை எடை புரோகிராம் திறக்கவில்லை. சர்வீஸை ஸ்டார்ட் செய்தால் உடனே நின்றுவிடுகிறது. ஈவன்ட் வியூவரில் 17051 என்று ஒரு பிழை, இவாலுவேஷன் காலம் முடிந்துவிட்டது என்று. புரோகிராம் போட்டுக்கொடுத்தவர் 180 நாள் சோதனைப் பதிப்பைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்பது இன்றைக்குத்தான் எனக்குத் தெரிகிறது. அவருடைய போன் அணைந்திருக்கிறது.

கன்ட்ரோல் பேனலில் போய் அதை அன்இன்ஸ்டால் செய்தேன். எக்ஸ்பிரஸ் பதிப்பு இலவசம் என்று படித்ததால் அதை இறக்கி ஓடவிட்டேன். முதல் தடவை "ரீஸ்டார்ட் தேவை" என்று நிறுத்தியது. ரீஸ்டார்ட் செய்து மறுபடி ஓடவிட்டேன். கடைசிக் கட்டம் வரை போய், "வெயிட் ஆன் தி டேட்டாபேஸ் எஞ்சின் ரிகவரி ஹேண்டில் ஃபெயில்டு" என்று சிவப்பில் நின்றது. இரண்டு முறை பார்த்துவிட்டேன், அதே இடம்.

மாதக் கடைசி நெருங்குகிறது. தேயிலை வாரியத்தின் விலை வந்ததும் பட்டுவாடா போட வேண்டும். என் டேட்டா போய்விட்டதா? அதை மட்டுமாவது யாராவது சொல்லுங்கள்.

---

குன்னூர் ஒயரிங் – திங்கள், இரவு 9.15

அண்ணா, பதற வேண்டாம். எஸ்கியூஎல் சர்வரை அன்இன்ஸ்டால் செய்தாலும் நீங்கள் உருவாக்கிய டேட்டாபேஸ் கோப்புகளை அது அழிக்காது. சி டிரைவ், புரோகிராம் ஃபைல்ஸ், மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர், அதற்குள் எம்எஸ்எஸ்கியூஎல்15 என்று தொடங்கும் ஃபோல்டர், அதற்குள் எம்எஸ்எஸ்கியூஎல், அதற்குள் டேட்டா. அங்கே எம்டிஎஃப் (டேட்டா கோப்பு) ஒன்றும் எல்டிஎஃப் (மாற்றங்களைப் பதியும் லாக் கோப்பு) ஒன்றும் உங்கள் புரோகிராம் பெயரில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வேறு எதுவும் செய்வதற்கு முன்னால் இரண்டையும் வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு நகல், சி டிரைவிலேயே தனி ஃபோல்டரில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு யோசனை. கம்ப்யூட்டர் தேதியை ஆறு மாதம் பின்னால் தள்ளினால் பழைய பதிப்பே ஓடும் என்று சிலர் சொல்வார்கள்.

---

தொட்டபெட்டா – திங்கள், இரவு 9.40

தேதியைத் தொட வேண்டாம், தயவுசெய்து. அன்இன்ஸ்டால் ஆன பிறகு அது உதவாது, உரிமப்படியும் சரியில்லை. எல்லாவற்றையும் விட, எடைச் சீட்டு ஒவ்வொன்றிலும் தேதி பதிவாகிறது. நவம்பர் இலை மே மாதக் கணக்கில் உட்கார்ந்தால் எந்த விவசாயிக்கு எந்த விலை என்று யார் பிரிப்பது?

நான் ஊட்டிக்காரி, கோவையில் டேட்டாபேஸ் வேலை பார்க்கிறேன். கணக்கர் அண்ணா, முதலில் ஒன்று தெளிவாக வேண்டும். எடிஷன் வேறு, வெர்ஷன் வேறு. இவாலுவேஷன், எக்ஸ்பிரஸ், ஸ்டாண்டர்ட் எல்லாம் எடிஷன். 2017, 2019, 2022 எல்லாம் வெர்ஷன். எடிஷன் மாறினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். ஆனால் புது வெர்ஷனில் இருந்த டேட்டாபேஸைப் பழைய வெர்ஷனில் திறக்கவே முடியாது. நீங்கள் இறக்கியது 2019 எக்ஸ்பிரஸ்தானா? பழையது நிச்சயமாக 2019தானா?

எம்டிஎஃப் கோப்பு எத்தனை ஜிபி என்றும் சொல்லுங்கள். 2019 எக்ஸ்பிரஸில் ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி வரைதான். லாக் கோப்பு அந்தக் கணக்கில் சேராது.

இன்னொன்று. இவாலுவேஷனில் இருந்து ஸ்டாண்டர்டுக்குப் போவதாக இருந்தால் அன்இன்ஸ்டாலே தேவையில்லை, செட்டப்பில் மெயின்டெனன்ஸ் பகுதியில் எடிஷன் அப்கிரேட் என்று இருக்கிறது, கீயைக் கொடுத்தால் போதும். எக்ஸ்பிரஸுக்கு அந்த வழி கிடையாது. ஆகவே நீங்கள் அன்இன்ஸ்டால் செய்தது தப்பில்லை.

---

கூடலூர் மழை – திங்கள், இரவு 10.05

அக்கா சொன்ன வெர்ஷன் விஷயத்தில் நான் நன்றாக அடிபட்டவன். மிளகு, ஏலக்காய் கொள்முதல் செய்யும் கடை எங்களுடையது. போன ஆடி மழையில் மூன்று நாள் கரண்ட் இல்லை, கம்ப்யூட்டர் போயிற்று. வேறு கம்ப்யூட்டரில் கையில் இருந்த 2017 எக்ஸ்பிரஸைப் போட்டு, 2019 கோப்பை அட்டாச் செய்தேன், அதாவது சர்வரோடு இணைத்துத் திறக்கப் பார்த்தேன். 948 என்று பிழை. டேட்டாபேஸ் வெர்ஷன் 904, இந்த சர்வர் 869 வரைதான் ஏற்கும் என்றது. பேக்கப்பில் இருந்து ரெஸ்டோர் செய்தாலாவது போகும் என்று பார்த்தேன். அங்கே 3169. ஒரு பகல் முழுக்கப் போனது. 2019ஐ இறக்கியதும் பத்து நிமிடத்தில் திறந்தது.

இன்னொரு விஷயம். மலையில் நெட் விட்டுவிட்டு வரும் என்பதால் அந்தச் சின்ன செட்டப் கோப்பை நேராக ஓடவிடாதீர்கள். அதில் டவுன்லோட் மீடியா என்று ஒரு தேர்வு உண்டு. முழுக் கோப்பையும் இறக்கி வைத்துக்கொண்டு அப்புறம் நெட் இல்லாமலேயே இன்ஸ்டால் செய்யலாம்.

---

கோத்தகிரி கணக்கர் – செவ்வாய், காலை 7.20

ராத்திரி வந்த பதில்களைப் பார்த்த பிறகுதான் தூங்கினேன். எல்லோருக்கும் நன்றி.

எம்டிஎஃப், எல்டிஎஃப் இரண்டும் சி டிரைவில் அப்படியே இருக்கின்றன! எம்டிஎஃப் 6.4 ஜிபி, எல்டிஎஃப் 2 ஜிபிக்குக் கொஞ்சம் மேல். கடைசியாக மாறிய நேரம் ஞாயிறு மாலை 6.12. அது கடைசி லாரி இலையை நிறுத்த நேரம். இரண்டு நகலும் எடுத்துவிட்டேன்.

பழைய செட்டப் லாக் 150 என்ற ஃபோல்டரில் இருக்கிறது. அது 2019தானே அக்கா? நான் இறக்கியதும் 2019 எக்ஸ்பிரஸ்தான். கூடலூர் தம்பி சொன்னபடி முழுக் கோப்பாகவே இறக்கிக்கொண்டேன்.

நேற்று வந்த இலைக்கெல்லாம் கையால் சீட்டு எழுதிக் கொடுத்தோம். இன்றும் அப்படித்தான்.

---

தொட்டபெட்டா – செவ்வாய், காலை 8.05

150 என்றால் 2019தான். 140 என்றால் 2017, 160 என்றால் 2022. அளவும் 10 ஜிபிக்குள் இருக்கிறது. ஆக டேட்டா பத்திரம், போக வேண்டிய இடமும் சரி. மீதி இருப்பது இன்ஸ்டால் ஏன் நிற்கிறது என்பது மட்டும்தான்.

அந்த ரிகவரி ஹேண்டில் செய்தியைப் பிடித்துக்கொண்டு தேடாதீர்கள். செட்டப் சர்வீஸை ஆரம்பித்துவிட்டு அது எழுந்து வரும் என்று காத்திருந்தது, வரவில்லை. அதற்கு மேல் அந்தச் செய்திக்கு அர்த்தமில்லை. ஏன் வரவில்லை என்பதை சர்வரே தன் எர்ரர்லாக் கோப்பில் எழுதியிருக்கும். எம்எஸ்எஸ்கியூஎல்15 ஃபோல்டருக்குள் லாக் என்று ஒரு ஃபோல்டர், அதில் எர்ரர்லாக். எக்ஸ்டென்ஷன் இருக்காது, நோட்பேடில் இழுத்துப் போட்டால் திறக்கும். கடைசி இருபது வரிகளை இங்கே போடுங்கள்.

---

குன்னூர் ஒயரிங் – செவ்வாய், காலை 8.30

விண்டோஸ் 11ஆ அண்ணா? புது என்விஎம்இ டிஸ்க் (வேகமான எஸ்எஸ்டி வகை) சிலவற்றில் செக்டர் அளவு, அதாவது டிஸ்க் ஒரு தடவையில் எழுதும் துண்டின் அளவு, 4 கேபிக்கு மேல் காட்டுவதால் இதே பிழை வரும். இங்கே ஒரு லாட்ஜில் பார்த்திருக்கிறேன்.

---

தொட்டபெட்டா – செவ்வாய், காலை 8.42

எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் இதே கம்ப்யூட்டரில் இவாலுவேஷன் ஆறு மாதம் ஓடியிருக்கிறதே. எடிஷன் எதுவானாலும் எஞ்சின் ஒன்றுதான். செக்டர்தான் காரணம் என்றால் அதுவும் எழுந்திருக்காது. லாக் வரட்டும்.

---

கோத்தகிரி கணக்கர் – செவ்வாய், மதியம் 1.10

காலையில் மேகம் இறங்கி ஆபீஸில் கரண்ட் போய்ப் போய் வந்தது, அதனால் தாமதம்.

விண்டோஸ் 11தான். எர்ரர்லாக் கிடைத்தது. சி டிரைவில் இருந்ததில் ஞாயிறோடு முடிகிறது. டி டிரைவில் இன்னொன்று இருந்தது, அதில்தான் நேற்றைய நேரம் இருக்கிறது. நிறைய வரி. திரும்பத் திரும்ப வருவது இது: "256 மிஸ்அலைன்டு லாக் ஐஓ" ஏற்பட்டதாகவும், அதனால் சிங்க்ரனஸ் ஐஓவுக்குத் திரும்ப வேண்டியிருந்தது என்றும். அதன் பிறகு நினைவகத்தைக் கொட்டியது போலக் கட்டம் கட்டமாக எண்கள்.

---

தொட்டபெட்டா – செவ்வாய், மதியம் 1.25

அண்ணா, ஒரு நிமிடம். டி டிரைவா? பழையது சி டிரைவில்தானே இருந்தது?

---

கோத்தகிரி கணக்கர் – செவ்வாய், மதியம் 1.31

ஆமாம் அக்கா. சி டிரைவில் இடம் குறைவு என்று போன மாதம் ஒரு புது எஸ்எஸ்டி வாங்கிப் போட்டோம். அதுதான் டி. இன்ஸ்டால் செய்யும்போது டேட்டா டைரக்டரி என்று கேட்ட இடத்தில் டி டிரைவைக் கொடுத்தேன். இனிமேல் டேட்டா அங்கேயே இருந்தால் நல்லது என்று நினைத்தேன். இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

---

தொட்டபெட்டா – செவ்வாய், மதியம் 1.50

அவ்வளவுதான் விஷயம். குன்னூர் அண்ணா சொன்னது சரி, நான்தான் அவசரப்பட்டு ஒதுக்கிவிட்டேன். கம்ப்யூட்டர் ஒன்றுதான், ஆனால் டிஸ்க் மாறிவிட்டது. எக்ஸ்பிரஸ் மீது குற்றமில்லை, இவாலுவேஷனை எடுத்த விதத்திலும் தப்பில்லை.

உறுதி செய்ய, கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து எஃப்எஸ்யூட்டில் எஃப்எஸ்இன்ஃபோ செக்டர்இன்ஃபோ என்று அடித்து, இடைவெளி விட்டு டி டிரைவைக் கொடுங்கள். "பிசிக்கல் பைட்ஸ் பெர் செக்டர்" என்று தொடங்கி "அட்டாமிசிட்டி" என்று முடியும் வரியில் என்ன எண் இருக்கிறது? எஸ்கியூஎல் சர்வர் 512, 4096 இரண்டைத்தான் ஏற்கும். விண்டோஸ் 10 வரை இது வெளியே தெரியவில்லை. விண்டோஸ் 11இல் டிஸ்க் சொல்லும் உண்மையான அளவை டிரைவர் அப்படியே மேலே கொடுக்கிறது. எஸ்கியூஎல் சர்வர் அங்கே தடுமாறுகிறது.

சி டிரைவுக்கும் ஒரு தடவை அடித்துப் பாருங்கள்.

---

கோத்தகிரி கணக்கர் – செவ்வாய், மதியம் 2.15

டி: 16384
சி: 4096

---

தொட்டபெட்டா – செவ்வாய், மதியம் 2.40

தெளிவாகிவிட்டது. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, சி டிரைவிலேயே இன்ஸ்டால் செய்வது. இன்னொன்று, விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சேர்த்து டி டிரைவை 4096 என்று காட்டவைப்பது. இன்று மாலை இலை வரப்போகிறது என்பதால் முதல் வழியில் போவோம். டி டிரைவை அப்புறம் நிதானமாகப் பார்க்கலாம்.

பாதியில் நின்ற இன்ஸ்டாலும் கம்ப்யூட்டரில் பாதி உட்கார்ந்திருக்கும். அதை எடுக்காமல் மறுபடி ஓடவிட்டால் அந்த இன்ஸ்டன்ஸ் (சர்வரின் ஒரு தனி நிறுவல்) பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லும். எனவே ஆப்ஸ் பட்டியலில் போய் எஸ்கியூஎல் சர்வர் 2019ஐ மறுபடி அன்இன்ஸ்டால் செய்யுங்கள், நேற்று வந்த இன்ஸ்டன்ஸைத் தேர்ந்தெடுங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள். அந்த ரீஸ்டார்ட்டைத் தவிர்க்க வேண்டாம். கோப்பு மாற்றங்கள் நிலுவையில் இருக்கும்வரை செட்டப் உள்ளே விடாது.

சி டிரைவில் இருக்கும் பழைய எம்எஸ்எஸ்கியூஎல்15 ஃபோல்டருக்கு வேறு பெயர் வைத்துவிடுங்கள். அழிக்க வேண்டாம்.

இப்போது முக்கியமான இடம். எக்ஸ்பிரஸ் தானாகவே எஸ்கியூஎல்எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் இன்ஸ்டன்ஸ் உருவாக்கப் பார்க்கும். அதை மாற்றி டீஃபால்ட் இன்ஸ்டன்ஸ் என்று கொடுங்கள். பழையது அப்படித்தான் இருந்தது, ஃபோல்டர் பெயரிலேயே எம்எஸ்எஸ்கியூஎல்சர்வர் என்று இருக்கிறதா பாருங்கள். அப்படிக் கொடுத்தால் எடை மேடைக் கம்ப்யூட்டரில் சர்வர் பெயரை மாற்ற வேண்டியதில்லை. ஆத்தென்டிகேஷனில் மிக்ஸ்டு மோட் (விண்டோஸ் கணக்கு, எஸ்கியூஎல் லாகின் இரண்டையும் ஏற்கும் முறை), எஸ்ஏ என்ற தலைமை லாகினின் பாஸ்வேர்டை எழுதி வையுங்கள். டேட்டா டைரக்டரியைத் தொடாதீர்கள்.

---

கோத்தகிரி கணக்கர் – செவ்வாய், மாலை 5.30

அக்கா, பச்சை டிக்! எல்லா வரியிலும் பச்சை டிக். கையெல்லாம் நடுங்கியது.

ஆனால் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் பழைய எம்டிஎஃப்பை அட்டாச் செய்தால் 5120, ஆபரேட்டிங் சிஸ்டம் எர்ரர் 5, ஆக்சஸ் டினைடு. நான் அட்மினாகத்தான் உள்ளே இருக்கிறேன்.

---

குன்னூர் ஒயரிங் – செவ்வாய், மாலை 5.45

எந்த ஃபோல்டரில் இருந்து அண்ணா? நீங்கள் நகல் எடுத்து வைத்த தனி ஃபோல்டரா?

---

கோத்தகிரி கணக்கர் – செவ்வாய், மாலை 5.48

ஆமாம், அதிலிருந்துதான்.

---

குன்னூர் ஒயரிங் – செவ்வாய், மாலை 6.00

அதுதான். கோப்பைத் திறப்பது நீங்கள் இல்லை, எஸ்கியூஎல் சர்வர் சர்வீஸ். அதற்கு என்டி சர்வீஸ் என்று தொடங்கும் தனிக் கணக்கு உண்டு. உங்கள் ஃபோல்டரில் அந்தக் கணக்குக்கு அனுமதி கிடையாது.

புது எம்எஸ்எஸ்கியூஎல்15 ஃபோல்டருக்குள் இருக்கும் டேட்டா ஃபோல்டரில் எம்டிஎஃப், எல்டிஎஃப் இரண்டையும் காப்பி செய்யுங்கள். கட் செய்து ஒட்டாதீர்கள். ஒரே டிரைவுக்குள் கட் செய்தால் பழைய அனுமதியும் கூடவே வந்துவிடும். காப்பி செய்தால்தான் புது ஃபோல்டரின் அனுமதி ஒட்டும். இதனால் உங்கள் நகலும் பத்திரமாக இருக்கும்.

---

கோத்தகிரி கணக்கர் – செவ்வாய், இரவு 7.25

திறந்துவிட்டது. ஞாயிறு மாலையின் கடைசிச் சீட்டு வரை இருக்கிறது. முதல் விவசாயியில் இருந்து கடைசி வரை ஒரு முறை உருட்டிப் பார்த்தேன்.

எடை மேடையில் இருந்து மட்டும் இணைப்பு இல்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே புரோகிராமைத் திறந்தாலும் 18456, லாகின் ஃபெயில்டு.

---

தொட்டபெட்டா – செவ்வாய், இரவு 7.50

இது எதிர்பார்த்ததுதான். லாகின்கள் உங்கள் டேட்டாபேஸில் இருப்பதில்லை, சர்வரின் சொந்த மாஸ்டர் டேட்டாபேஸில் இருக்கும். மாஸ்டர் புதியது, அதனால் லாகினும் இல்லை. டேட்டாபேஸுக்குள் இருக்கும் யூசர் மட்டும் தனியாக நிற்கிறார். புரோகிராமின் கான்ஃபிக் கோப்பில் இருக்கும் அதே பெயர், அதே பாஸ்வேர்டில் ஒரு லாகின் உருவாக்குங்கள். அப்போதும் நுழைய விடாது, 4060 என்று வரும். பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் அடையாள எண் வேறு. உங்கள் டேட்டாபேஸைத் தேர்ந்தெடுத்து ஆல்டர் யூசர், யூசர் பெயர், வித் லாகின் சமம், லாகின் பெயர் என்று ஒரு வரி ஓடவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

எடை மேடைக்கு: எக்ஸ்பிரஸில் டிசிபி/ஐபி இயல்பாக அணைந்திருக்கும். கான்ஃபிகரேஷன் மேனேஜரில் நெட்வொர்க் பகுதியில் அதை எனேபிள் செய்து, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். போர்ட் 1433 ஃபயர்வாலில் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

---

கோத்தகிரி கணக்கர் – புதன், இரவு 9.05

நேற்று ராத்திரியே இரண்டும் சரியாகிவிட்டது, எழுத நேரமில்லை. இன்று இரண்டு நாள் கைச்சீட்டுகளையும் ஒவ்வொன்றாக ஏற்றினோம். நான் வாசிக்க, எடை மேடைப் பையன் அடித்தான். ஈரத்தில் நனைந்து மை கரைந்த சீட்டு நான்கு. அந்த நான்கு பேருக்கும் போன் செய்து கேட்டுத்தான் போட்டோம். ஒரு பெரியவர் தன் நோட்டைப் பார்த்து, "38 கிலோ, அதில் 2 கிலோ ஈரக் கழிவு" என்று வரி மாறாமல் சொன்னார். மொத்தக் கிலோ எங்கள் கையெழுத்துப் பதிவோடு ஒத்துவந்தது.

தினமும் ராத்திரி தானாக எடுத்த பேக்கப் இப்போது வரவில்லையே, அதற்கு என்ன செய்வது?

---

தொட்டபெட்டா – புதன், இரவு 9.30

அந்தப் பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

எக்ஸ்பிரஸில் ஏஜென்ட் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் பகுதி) கிடையாது. பழைய பேக்கப் வேலை எம்எஸ்டிபி என்ற சிஸ்டம் டேட்டாபேஸில் இருந்தது, அதோடு போய்விட்டது. எஸ்கியூஎல்சிஎம்டி என்ற கட்டளைக் கருவி வழியாக பேக்கப் டேட்டாபேஸ் கட்டளையை ஒரு பேட்ச் கோப்பில் எழுதி, விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் இரவு 8 மணிக்கு வையுங்கள். பழைய ஸ்கிரிப்டை எங்கிருந்தாவது எடுத்தால் அதில் கம்ப்ரெஷன் என்ற சொல்லை நீக்கிவிடுங்கள். எக்ஸ்பிரஸ் அதை ஏற்காது, 1844 என்று நிறுத்திவிடும். வாரம் ஒருமுறை அந்த பேக்கப்பை வேறு பெயரில் ரெஸ்டோர் செய்து திறக்கிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பி 600 குடும்பத்தின் கணக்கை வைக்க வேண்டாம்.

மாதக் கடைசி அறிக்கை கொஞ்சம் மெதுவாக வரலாம். எக்ஸ்பிரஸ் டேட்டாவுக்கான நினைவகமாக 1410 எம்பி வரைதான் எடுத்துக்கொள்ளும். எம்டிஎஃப் 9 ஜிபியைத் தொடும்போது எனக்கு எழுதுங்கள், பழைய வருடங்களைத் தனி டேட்டாபேஸுக்கு மாற்றிவிடலாம். டெவலப்பர் எடிஷன் இலவசம், அளவு வரம்பில்லை என்று யாராவது சொன்னால் போட்டுவிடாதீர்கள். எழுதிப் பழகவும் சோதிக்கவும் மட்டும்தான் அதற்கு உரிமம்.

---

கூடலூர் மழை – புதன், இரவு 9.50

டி டிரைவுக்கு அந்த ரெஜிஸ்ட்ரி வழியையும் எழுதிவிடுங்கள் அக்கா. எங்கள் கடைக்கும் புது கம்ப்யூட்டர் வரப்போகிறது.

---

தொட்டபெட்டா – புதன், இரவு 10.10

எச்கேஎல்எம், சிஸ்டம், கரண்ட்கன்ட்ரோல்செட், சர்வீசஸ், ஸ்டோர்என்விஎம்இ, பாராமீட்டர்ஸ், டிவைஸ் வரை போங்கள். அங்கே மல்டி ஸ்டிரிங் வகையில் ஒரு மதிப்பு. பெயர் ஃபோர்ஸ்டுபிசிக்கல்செக்டர்சைஸ்இன்பைட்ஸ், ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக. உள்ளே நட்சத்திரக் குறி, ஒரு இடைவெளி, 4095. 4096 இல்லை, 4095தான். பிறகு ரீஸ்டார்ட். மாற்றும் முன் ரெஜிஸ்ட்ரியை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். ரீஸ்டார்ட் ஆனதும் எஃப்எஸ்யூட்டிலில் 4096 வந்தால்தான் அந்த டிரைவில் எஸ்கியூஎல் கோப்பு எதையும் வைக்க வேண்டும்.

---

கோத்தகிரி கணக்கர் – ஞாயிறு, காலை 11.00

இன்று இலை வரவு இல்லாத நேரம் பார்த்துச் செய்தேன். டி டிரைவ் இப்போது 4096 காட்டுகிறது. டேட்டாவைச் சி டிரைவிலேயே விட்டுவிட்டேன், பேக்கப் மட்டும் டி டிரைவுக்குப் போகிறது. நேற்றைய பேக்கப்பை "சோதனை" என்ற பெயரில் ரெஸ்டோர் செய்தேன், திறந்தது. சனிக்கிழமையின் கடைசிச் சீட்டு அதில் இருக்கிறது.